வண்டிக்கு முன்னே வரவேண்டிய அறிவு
தாமிரபரணிப் படுகையில் அபாய வேதிப்பொருள்களின் வழிப்பயணமும் ஊரின் முன்னேற்பாடும்

1. பொருளும் எல்லையும்

தாமிரபரணியின் நீரைக் குடிக்கத் தக்கதாக்கும் குளோரினும், அதே நீரின் கரையில் வாழ்வோரின் மூச்சை நிறுத்தவல்ல குளோரினும் ஒரே பொருள்தான் என்னும் உண்மையிலிருந்து இச்சொற்பொழிவின் பொருள் தொடங்குகிறது. 1908 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஜெர்சி நகரம் தன் குடிநீரில் குளோரின் சேர்மத்தை நாள்தோறும் கலக்கத் தொடங்கியபின் நீர்வழி பரவும் கொள்ளைநோய்களை அடக்கும் வழி உலகுக்குத் திறந்தது. ஏழே ஆண்டுகள் கழித்து, 1915 ஏப்ரல் 22 அன்று, பெல்ஜியத்தின் ஈப்ர் நகருக்கு அருகே போர்முனையில் அதே குளோரின் உருளைகளிலிருந்து திறந்துவிடப்பட்டுப் படைவீரர்களைக் கொன்றது. நன்மையும் தீமையும் பொருளின் இயல்பிலிருந்து வருவதில்லை, அது எந்தக் கலத்தில், எவர் கையில், எவ்வளவு அறிவோடு இருக்கிறது என்பதைப் பொறுத்தே வருகின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அபாய வேதிப்பொருள் என்பது தீப்பற்றுதல், வெடித்தல், நச்சாதல், அரித்தல் ஆகிய இயல்புகளுள் ஒன்றாலோ பலவாலோ உயிருக்கும் உடைமைக்கும் சுற்றுச்சூழலுக்கும் கேடு செய்யக்கூடிய பொருளைக் குறிக்கும். இத்தகைய பொருள் ஆலைக்குள் இருக்கும்போது அதைச் சுற்றி மதில் இருக்கிறது, சங்கு இருக்கிறது, அதன் தன்மை அறிந்த பொறியாளர் இருக்கிறார். ஆலையைவிட்டு லாரியில் ஏறிய கணத்திலிருந்து இம்மூன்றும் பின்தங்கிவிட, ஓட்டுநரும் கிளீனரும் மட்டுமே அதற்குக் காவலாகின்றனர். அது கடந்துசெல்லும் ஊர்களோ அதன் பெயரைக்கூட அறிவதில்லை. ஆகவே பொருள் வந்துசேர்வதற்கு முன்பே அதைப்பற்றிய அறிவு அவ்வழியெங்கும் வந்துசேர்ந்திருக்க வேண்டும் என்பதே இவ்வுரை நிறுவ விரும்பும் கருத்தாகும்.

2. படுகையும் பாதைகளும்

1958 ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட மணிமுத்தாறு அணை 118 அடி உயரமும் 5,511 மில்லியன் கன அடி கொள்ளளவும் உடையது. மாஞ்சோலை மலைகளிலிருந்து இறங்கிவரும் மணிமுத்தாறு அணையைக் கடந்து தாமிரபரணியோடு கலக்கிறது. கலந்தபின் அந்நீர் கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என அணைக்கட்டுகளைத் தொட்டு, கார், பிசானம் என்னும் இருபோக நெல்லுக்கும் வாழைக்கும் பாய்ந்து, புன்னைக்காயலில் கடலை அடைகிறது. ஆற்றின் மணலுக்குள் இறக்கப்பட்ட உறைகிணறுகளிலிருந்து நீரை ஏற்றி நெடுந்தொலைவு கொண்டுசெல்லும் கூட்டுக் குடிநீர்த் திட்டங்கள் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களோடு நில்லாமல் விருதுநகர் மாவட்டத்து ஊர்களுக்கும் தண்ணீர் தருகின்றன. மலையடிவாரத்தில் நிற்கும் மணிமுத்தாறு என்னும் ஊர் இந்நெடிய நீர்வழியின் தலைமாட்டில் இருக்கிறது. தலைமாட்டில் நேரும் எந்தக் கலப்பும் கால்மாடுவரை செல்லும் என்பதால் இவ்வூரிலிருந்து இப்பொருளைப் பேசுவது பொருத்தமுடையது.

ஆறு மேற்கிலிருந்து கிழக்கே பாய, வேதிப்பொருள்களின் போக்குவரத்தோ பெரும்பாலும் கிழக்குக் கடற்கரையை மையமாகக் கொண்டு நான்கு திசைக்கும் விரிகிறது. ஆறுமுகநேரிக்கு அருகே சாகுபுரத்தில் உப்புநீரை மின்பகுத்துக் காஸ்டிக் சோடாவும் குளோரினும் ஆக்கும் தொழிற்சாலை இருக்கிறது. தூத்துக்குடியில் அம்மோனியாவைக் கொண்டு யூரியா ஆக்கும் ஸ்பிக் உரத் தொழிற்சாலையும், வ.உ.சிதம்பரனார் துறைமுகமும், மீனைப் பதப்படுத்த அம்மோனியாவால் குளிரூட்டப்படும் ஐஸ் ஆலைகளும் உள்ளன. தெற்கே மகேந்திரகிரியில் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் உந்தும வளாகம் திரவ ஹைட்ரஜன் உள்ளிட்ட எரிபொருள்களைக் கையாள்கிறது. மேற்கே, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஆற்றின் நீர்விசையை நம்பி நூற்பாலை எழுந்த விக்கிரமசிங்கபுரம், அம்பாசமுத்திரம் பகுதிகள் உள்ளன. நூலை வெளுக்கவும் சாயமேற்றவும் வேண்டிய காரமும் அமிலமும் ஜவுளித் தொழில் உள்ள இடமெல்லாம் லாரியில்தான் வருகின்றன. பெட்ரோலும் டீசலும் சமையல் எரிவாயுவும் செல்லாத சாலை இப்படுகையில் இல்லை.

இப்பாதைகள் ஆற்றைக் குறுக்கிடும் இடங்கள் தனிக் கவனத்துக்குரியவை. திருநெல்வேலி, தூத்துக்குடி நான்குவழிச் சாலையில் வல்லநாட்டருகே தாமிரபரணியைக் கடக்கும் பாலத்தின் தளத்தில் பலமுறை ஓட்டை விழுந்து, ஒருபக்கப் போக்குவரத்து நிறுத்தப்பட்டு, வண்டிகள் மறுபக்கத்திலேயே எதிரெதிராக விடப்பட்டதைப் படுகை மக்கள் அறிவர். தூத்துக்குடி மாநகரத்துக்கான குடிநீர் எடுக்கப்படுவதும் அதே வல்லநாடு, கலியாவூர் வட்டாரத்தில்தான். துறைமுகத்து டேங்கர்கள் நெருக்கியடித்துச் செல்லும் பாலமும் ஒரு மாநகரத்தின் குடிநீர் வாயும் ஒரே வட்டாரத்தில் அமைந்திருப்பதை, பாலத்தின் பழுது என்று பொறியியல் துறையும் குடிநீர் என்று மாநகராட்சியும் தனித்தனியே பார்ப்பது போதாது. இரண்டையும் ஒரே வரைபடத்தில் வைத்துப் பார்ப்பதே விபத்துத் தடுப்பின் முதற்படியாகும்.

3. பொருள்களின் குணம்

முன்னேற்பாடு என்பது பொருளின் குணத்தை அறிவதில் தொடங்குகிறது. ஏனெனில் ஒரு பொருளுக்குச் சரியான செயல் மற்றொன்றுக்குக் கேடாக முடியும்.

குளோரின் காற்றைப்போல் இரண்டரை மடங்கு கனமுள்ள பசுமஞ்சள் வாயு. அழுத்தத்தால் திரவமாக்கி உருளைகளில் அடைக்கப்படும் அதன் ஒரு பங்கு வெளியேறினால் ஏறத்தாழ 460 பங்கு வாயுவாக விரியும். கனமுள்ளதால் அது மேலே எழாமல் தரையோடு ஊர்ந்து பள்ளத்தையும் ஓடையையும் வயற்காலையும் தேடி இறங்கும். ஆகவே குளோரின் கசிந்தால் பள்ளத்தில் ஒளிவதும் தரையில் படுப்பதும் உயிருக்கு இறுதி. மேட்டுக்கு ஏறுவதும், காற்று வீசும் திசைக்குக் குறுக்கே விலகுவதும், இயலாதவர் மாடியறையில் கதவுகளை அடைத்துக்கொண்டு இருப்பதுமே தக்கவை. கசியும் உருளையின்மேல் தண்ணீரைப் பாய்ச்சினால் குளோரின் நீரோடு சேர்ந்து அமிலமாகி ஓட்டையை மேலும் அரித்துப் பெரிதாக்கும் என்பதையும் இங்கே சொல்லவேண்டும். தீயென்றால் தண்ணீர் என்று பழகிய கைக்கு இது எளிதில் தோன்றாது.

அம்மோனியா இயல்பில் காற்றைவிட இலேசானது. ஆனால் குளிர்ந்த திரவமாக இருந்து திடீரென வெளியேறும்போது காற்றின் ஈரத்தோடு சேர்ந்து வெண்பனிபோல் தரையை ஒட்டிப் படரும். நீரில் மிக எளிதாகக் கரையும் என்பதால், கசிவிலிருந்து எட்டி நின்று நீரைத் தூவி வாயு மேகத்தை அடக்குவதும், ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு வெளியேறுவதும் இதற்குப் பயன்தரும். சமையல் எரிவாயு எனப்படும் எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது, தானே நச்சன்று எனினும் சாக்கடை வழியாகவும் தெரு வழியாகவும் பரந்துபோய் எங்கோ ஓர் அடுப்பிலோ மின்விசையிலோ தீயைச் சந்தித்து, வந்த வழியே திரும்பப் பாயும். கந்தக அமிலமும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் காஸ்டிக் சோடாக் கரைசலும் தோலையும் கண்ணையும் அரிப்பவை; சாலையில் கொட்டினால் ஓடும் நீரை நாடிச்செல்பவை. வாய்க்காலில் நீர் நிறைந்தோடும் கார் பருவத்தில் சாலையோரத்தில் கவிழும் அமில லாரி ஊரைவிட ஆற்றுக்கே பேரபாயமாகும்.

4. கைமாறும் நேரம்

வேதிப்பொருள் ஓரிடத்தில் நிற்கும்போதும் சீராக ஓடும்போதும் உள்ள அபாயத்தைவிட, ஒரு கலத்திலிருந்து மற்றொரு கலத்துக்கு, ஒரு கையிலிருந்து மற்றொரு கைக்கு மாறும்போது உள்ள அபாயம் பெரிது. அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்து அட்சிசன் நகரில் 2016 அக்டோபர் 21 அன்று நிகழ்ந்தது இதற்கு நல்ல பாடம். ஓர் ஆலைக்குக் கந்தக அமிலம் கொண்டுவந்த டேங்கரின் குழாய், சோடியம் ஹைபோகுளோரைட் இருந்த தொட்டியின் வாயில் தவறுதலாகப் பொருத்தப்பட்டது. இரண்டும் கலந்து குளோரின் உள்ளிட்ட நச்சுவாயு மேகமாகி எழ, 140 க்கும் மேற்பட்டோர் மருத்துவ உதவி நாடினர், நகரமக்கள் பல்லாயிரவர் வீடுகளுக்குள் அடைந்திருக்கவோ வெளியேறவோ நேர்ந்தது. அந்நாட்டு வேதியியல் பாதுகாப்பு வாரியம் ஆராய்ந்தபோது, இரு தொட்டிகளின் குழாய்வாய்களும் வெறும் 18 அங்குல இடைவெளியில், ஒரே வடிவில், உரிய பூட்டில்லாமல் இருந்தது தெரியவந்தது. கைமறதி மனிதருக்கு இயல்பு. அந்த மறதி ஊரைச் சூழும் மேகமாகாதபடி குழாய்வாய்களை வேறுவேறு வடிவில் அமைத்துப் பூட்டி, சாவியை ஆலையின் பொறுப்பாளரிடம் வைப்பது அமைப்பின் கடமை.

தமிழ்நாட்டிலும் இதற்கு இணையான பாடம் உண்டு. எண்ணூரில் கப்பலிலிருந்து கோரமண்டல் உரத் தொழிற்சாலைக்கு அம்மோனியாவைக் கொண்டுவரும் கடலடிக் குழாயில், சரக்கை இறக்குவதற்கு முன்னேற்பாடாகக் குழாயைக் குளிரூட்டிக்கொண்டிருந்தபோது, 2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டிக் கசிவு ஏற்பட்டது. பெரியகுப்பம், சின்னக்குப்பம் மக்களை எழுப்பியது காற்றில் வந்த நெடி. குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் அவர்கள் ஓடினர். பலர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் இவ்வழக்கைத் தானே முன்வந்து எடுத்துக்கொண்டது. ஆலை ஓடிக்கொண்டிருக்கும் நேரத்தைவிட, சரக்கு வந்திறங்கும் நேரமே காவல் மிகுந்திருக்கவேண்டிய நேரம் என்பதை எண்ணூர் காட்டுகிறது.

இப்படுகையின் குடிநீர் நிலையங்களைப்போல் குளோரின் வாயு பயன்படும் இடங்களில் இக்கைமாற்றம் எவ்வாறு நடக்கவேண்டும் என்பதைச் சற்று அருகிருந்து காண்பது தகும். 'டன்னர்' என்று பணியாளர்கள் சொல்லும் பெரிய உருளை 900 கிலோ குளோரின் கொள்ளும். லாரி நிலையத்துக்குள் வந்ததும் எஞ்சினை நிறுத்திச் சாவியை நிலையப் பொறுப்பாளர் வாங்கிக்கொள்வதும், சக்கரங்களுக்குக் கட்டை கொடுப்பதும், சலானில் உள்ள பொருளின் பெயரும் உருளையில் உள்ள பெயரும் ஒன்றாவென்று உரக்கப் படித்து ஒப்பிடுவதும் முதற்பணிகள். அடுத்தது தூக்குதல். ஜோர்டான் நாட்டின் அகபா துறைமுகத்தில் 2022 ஜூன் 27 அன்று கிரேனின் கம்பிவடம் அறுந்து குளோரின் கலம் கப்பல் தளத்தில் விழுந்து 13 பேர் இறந்தனர் என்பதை நினைவில் கொண்டால், டன்னரைத் தூக்கும் சங்கிலிக்கும் கொக்கிக்கும் எடைச்சான்று உண்டா என்று ஒவ்வொரு முறையும் பார்ப்பது வீண்வேலையன்று என்பது விளங்கும்.

இறக்கிய டன்னர் அதன் தாங்கியில் படுக்கவைக்கப்படுகிறது. அதன் முகப்பில் உள்ள இரு வால்வுகளும் ஒன்றன்மேல் ஒன்றாகச் செங்குத்தில் நிற்குமாறு அது உருட்டிச் சரிசெய்யப்படும். மேல்வால்வு வாயுவைத் தரும், கீழ்வால்வு திரவத்தைத் தரும். கசிவு நேர்ந்தால் கசியும் இடம் மேற்புறம் வருமாறு உருளையைத் திருப்பினால், 460 மடங்காக விரியும் திரவம் கொட்டாமல் வாயு மட்டுமே வெளியேறும் என்பதும் இவ்வமைப்பிலிருந்தே பெறப்படுவது. குழாயை இணைக்கும் இடத்தில் ஓர் ஈய வாஷர் வைக்கப்படுகிறது. ஒருமுறை நசுங்கிய ஈயம் மறுமுறை வாய்பொருந்தி அடைக்காது. ஆகவே ஒவ்வொரு இணைப்புக்கும் புது வாஷர் வேண்டும். விலையில் மிகச் சிறியதான இவ்வளையத்தை மிச்சம்பிடிக்க நினைப்பது ஊரின் மூச்சோடு விளையாடுவதாகும். இணைத்தபின் அம்மோனியாக் கரைசல் புட்டியின் வாயை மூட்டுக்கருகே காட்டுவது சோதனை: குளோரின் இம்மியளவு கசிந்தாலும் இரண்டும் கூடி வெண்புகை எழும். புகை எழவில்லையெனில் மட்டுமே வால்வு திறக்கப்படவேண்டும். இப்பணிகளை ஒருவர் தனியே செய்யாமல், ஒருவர் செய்ய மற்றொருவர் சுவாசக் கருவியோடு காற்றின் மேல்பக்கம் நின்று பார்த்திருப்பதே முறை.

5. வழியில் நேர்பவை

கேரளத்தில் கண்ணூரை அடுத்த சாலாவில் 2012 ஆகஸ்டு 27 இரவு எல்.பி.ஜி. டேங்கர் சாலைத் தடுப்பில் மோதிக் கவிழ்ந்து, வாயு பரவித் தீப்பற்றி 20 பேர் உயிரிழந்தனர். ஜெய்ப்பூரை அடுத்த பாங்குரோட்டாவில் 2024 டிசம்பர் 20 விடியலில் திரும்பிக்கொண்டிருந்த எல்.பி.ஜி. டேங்கர்மீது லாரி மோதியபோது வாயு வெளியேறி, சாலையில் நின்ற வண்டிகளையெல்லாம் தீ சூழ்ந்து, ஏறத்தாழ 20 பேர் மடிந்தனர். இவ்விபத்து நிகழ்ந்த இரு வாரத்துக்குள், 2025 ஜனவரி 3 அன்று விடியுமுன், கொச்சியிலிருந்து 18 டன் எல்.பி.ஜி. ஏற்றிவந்த டேங்கர் கோயம்புத்தூர் அவிநாசி சாலை மேம்பாலத்தில் இழுவண்டியிலிருந்து கழன்று கவிழ்ந்து கசிந்தது. அங்கே உயிர்ச்சேதம் ஏதும் நேரவில்லை.

சாலாவையும் ஜெய்ப்பூரையும்போல் கோயம்புத்தூரிலும் கசிந்தது எரிவாயுதான், அதுவும் நகரத்தின் நடுவில்; எனினும் அங்கே போக்குவரத்து நிறுத்தப்பட்டது, தீயணைப்பு வீரர்கள் மணிக்கணக்கில் நீரைத் தூவிக் கலத்தைக் குளிர்வித்தனர், சுற்றியிருந்த பள்ளிகளுக்கு விடுமுறை விடப்பட்டது, எரிவாயு நிறுவன வல்லுநர்கள் வந்து கசிவை அடைத்தபின் கலம் தூக்கிச் செல்லப்பட்டது. தீப்பொறி சேராத அந்த விடிகாலை நேரமும் துணைநின்றது என்பது உண்மையே. ஆனால் நல்வாய்ப்பு தந்த சில மணிநேரத்தை வீணாக்காமல் பயன்படுத்தியது பயிற்சி. பயிற்சி பெற்ற துறைகள் ஒரு மாநகரத்தில் கைக்கெட்டும் தொலைவில் உள்ளன. கல்லிடைக்குறிச்சிக்கும் சேரன்மகாதேவிக்கும் இடையே வாழைத்தோப்பு ஓரத்தில் அதே டேங்கர் கவிழ்ந்தால் முதல் கால்மணி நேரத்தில் அங்கே இருப்பவர் டீக்கடைக்காரரும் வயலில் நிற்பவரும் பள்ளி ஆசிரியருமே. அந்தக் கால்மணி நேரத்துக்கு உரிய அறிவு அவர்களுக்கே வேண்டும்.

அவ்வறிவின் திறவுகோல் வண்டியின்மேலேயே எழுதப்பட்டிருக்கிறது. 1989 ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி அபாயப் பொருளை ஏற்றிச்செல்லும் வண்டியின் இருபக்கங்களிலும் பின்புறத்திலும் அவசரகாலத் தகவல் பலகை இருக்கவேண்டும். பொருளின் சரியான பெயர், ஐ.நா. எண் எனப்படும் நான்கிலக்க எண், சாய்சதுர வடிவிலான வகைக் குறி, அவசரகாலத்தில் அழைக்கவேண்டிய தொலைபேசி எண்கள் ஆகியவை அதில் இருக்கும். 1203 என்றால் பெட்ரோல், 1075 என்றால் எல்.பி.ஜி., 1017 என்றால் குளோரின், 1005 என்றால் நீரற்ற அம்மோனியா, 1830 என்றால் கந்தக அமிலம், 1824 என்றால் காஸ்டிக் சோடாக் கரைசல். இந்த ஆறு எண்களை அறிந்த பள்ளிப்பிள்ளை, பாதுகாப்பான தொலைவில் நின்று 112 ஐ அழைத்து எண்ணைச் சொன்னால், புறப்படும் தீயணைப்பு வண்டி நுரையோடு வரவேண்டுமா, சுவாசக் கருவியோடு வரவேண்டுமா என்பது வழியிலேயே முடிவாகிவிடும். 'லாரி கவிழ்ந்துவிட்டது' என்னும் தகவலுக்கும் '1017 என்று எழுதிய லாரி கவிழ்ந்துவிட்டது' என்னும் தகவலுக்கும் இடையே பல உயிர்களின் வேறுபாடு இருக்கிறது.

ஓட்டுநரின் அறையில் 'டிரெம் கார்டு' எனப்படும் அவசரகாலக் குறிப்பட்டை இருக்கவேண்டும் என்பதும், அனுப்புபவர் பொருளின் தன்மையை எழுத்தில் தரவேண்டும் என்பதும், ஓட்டுநர் மூன்று நாள் சிறப்புப் பயிற்சி பெற்றிருக்கவேண்டும் என்பதும், விபத்து நேர்ந்தால் அருகிலுள்ள காவல் நிலையத்துக்கு உடனே தெரிவிக்கவேண்டும் என்பதும் அவ்விதிகளிலேயே உள்ளன. இங்கே ஓட்டுநரைக் குற்றவாளியாகக் காண்பது நியாயமாகாது. இரவு முழுவதும் விழித்து வண்டியோட்டி வரும் அவரே முதலில் இறக்கக்கூடியவரும் முதலில் எச்சரிக்கக்கூடியவரும் ஆவார். அவருக்கு உறங்க இடமும், ஊருக்கு வெளியே வண்டியை நிறுத்த ஒதுக்கிடமும், தாய்மொழியில் எழுதிய குறிப்பட்டையும் தருவது விபத்துத் தடுப்பின் பகுதியேயன்றிக் கருணைச்செயல் அன்று.

6. சட்டம் வகுத்த வழி

போபால் பேரழிவுக்குப் பின் இந்தியாவில் உருவான விதிகளுள் 1996 ஆம் ஆண்டின் வேதி விபத்துகள் குறித்த விதிகள் இப்பொருளுக்கு மிக நெருக்கமானவை. பெரும் வேதி விபத்து என்பதற்கு அவை தரும் வரையறை தொழிற்சாலை நடவடிக்கையோடு நில்லாமல் போக்குவரத்தையும் இயற்கை நிகழ்வுகளையும் சேர்த்துக்கொள்கிறது. மத்திய, மாநில, மாவட்ட, உள்ளூர் என நான்கு நிலைகளில் நெருக்கடிக் குழுக்களை அவை அமைக்கச் சொல்கின்றன. மாவட்டக் குழுவுக்கு ஆட்சியர் தலைமை தாங்குவார். அக்குழு 45 நாள்களுக்கு ஒருமுறை கூடவும், ஆண்டுக்கு ஒருமுறையேனும் முழு அளவிலான ஒத்திகை நடத்தவும் வேண்டும். உள்ளூர்க் குழு மாதந்தோறும் கூடி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒத்திகை நடத்த வேண்டும். அழுத்தக் கலங்களுக்கும் வாயு உருளைகளுக்கும் 2016 ஆம் ஆண்டின் விதிகள் உள்ளன; அவற்றை நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெட்ரோலிய, வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு செயற்படுத்துகிறது. பாதிக்கப்பட்டோருக்கு உடனடி நிவாரணம் கிடைக்கும்பொருட்டு 1991 ஆம் ஆண்டின் பொதுப்பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம் உள்ளது.

எனவே சட்டம் இல்லை என்ற குறைக்கு இடமில்லை. ஆனால் உள்ளூர்க் குழு என்பது ஆலைகள் குவிந்துள்ள தொழிற்பகுதியை மனத்தில் கொண்டு வகுக்கப்பட்டது. ஆலை இல்லாத, ஆனால் ஆலைக்குரிய பொருள் நாள்தோறும் கடந்துசெல்லும் ஊர் அதன் பார்வையில் படுவதில்லை. வரையறையில் போக்குவரத்து இடம்பெற்றிருக்கும்போது ஒத்திகையிலும் அது இடம்பெற வேண்டும். ஆலையின் மதிலுக்குள் நடத்தப்படும் ஒத்திகைகளுள் ஒன்றையேனும் வல்லநாட்டுப் பாலத்திலோ அம்பாசமுத்திரம் சாலையிலோ நடத்துவதற்குப் புதிய சட்டம் வேண்டியதில்லை. மாவட்ட நிர்வாகத்தின் முடிவு ஒன்றே போதும்.

7. நீரும் வெள்ளமும்

ஆற்றுப்படுகையில் நேரும் வேதி விபத்துக்கு இரண்டு காலக்கணக்குகள் உண்டு: காற்றின் கணக்கு நிமிடங்களில், நீரின் கணக்கு மணிகளில். ஆற்றுநீர் நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில் ஓடுவதாகக் கொண்டால் மணிக்கு 1.8 கிலோமீட்டர் செல்லும். பத்து கிலோமீட்டர் கீழேயுள்ள உறைகிணற்றை அடைய ஐந்தரை மணிநேரம் ஆகும். அணையில் நீர் திறந்து ஆறு விரைந்தோடும்போது இக்காலம் பாதியாகவோ அதற்கும் குறைவாகவோ சுருங்கும். அவ்வளவு நேரம் கையிலிருந்தும், மேலே லாரி கவிழ்ந்த செய்தி கீழேயுள்ள நீரேற்று நிலையத்துக்குச் சொல்லப்படவில்லையெனில் நேரம் இருந்தும் பயனில்லை. ஆகவே காவல் துறைக்கும் தீயணைப்புத் துறைக்கும் செல்லும் அழைப்போடு மூன்றாவது அழைப்பாக, அந்த இடத்துக்குக் கீழேயுள்ள குடிநீர் வடிகால் வாரிய நீரேற்று நிலையத்துக்கும் கால்வாய் மதகைக் காக்கும் பணியாளருக்கும் அழைப்பு செல்லவேண்டும் என்பது எழுதிவைக்கப்பட வேண்டும். மோட்டாரை நிறுத்துவதும் மதகை இறக்குவதும் சில நிமிட வேலை. கலந்த நீரைப் பல ஊர்க் குழாய்களிலிருந்து வெளியேற்றுவது பல நாள் வேலை.

2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களின் பெருமழை மற்றொரு பாடத்தைக் கற்பித்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. தாமிரபரணி கரைபுரண்டு திருநெல்வேலி முதல் ஸ்ரீவைகுண்டம், ஏரல்வரை ஊர்களைச் சூழ்ந்தது. சாலைகள் அறுந்தன, தண்டவாளத்தின் அடிமண் கரைந்தது. இயற்கைச் சீற்றத்தால் தூண்டப்படும் வேதி விபத்து என ஒரு தனிவகையை வல்லுநர்கள் பிரித்துக் கூறுவர். வெள்ளத்தில் உருளைகள் மிதந்து போகலாம். மின்சாரம் அற்றுக் குளிர்விப்பு நிற்கலாம். பாதி வழியில் டேங்கர் நீரால் சூழப்பட்டு நிற்கலாம். அத்தகைய நாளில் தூத்துக்குடியிலிருந்தோ திருநெல்வேலியிலிருந்தோ உதவி வரும் என்று எழுதிய திட்டம் தாளில் மட்டுமே இருக்கும். எனவே வானிலைத் துறையின் சிவப்பு எச்சரிக்கை வந்தவுடன் அபாயப் பொருள் வண்டிகளை ஆற்றுப்பாலங்களுக்கு அப்பாலேயே நிறுத்திவிடுவதும், ஆற்றங்கரை நிலையங்களில் உள்ள உருளைகளைச் சங்கிலியிட்டுப் பிணைப்பதும் வெள்ளத் தயாரிப்பின் பகுதியாகவேண்டும்.

8. ஊரின் பங்கு

மணிமுத்தாற்றில் தமிழ்நாடு சிறப்புக் காவல் படையின் அணிகள் நிலைகொண்டுள்ளன. கட்டுப்பாடும் உடற்பயிற்சியும் உள்ள இவ்வீரர்களுக்கு வேதி விபத்து மீட்புப் பயிற்சியும் சுவாசக் கருவிகளும் தரப்பட்டால், படுகையின் மேற்குப் பகுதிக்கு நெடுந்தொலைவிலிருந்து உதவி வரக் காத்திருக்கும் நிலை மாறும். அதற்குமுன் ஊர்கள் தாமே செய்யக்கூடியவை சில உள்ளன.

முதலாவது, தம் எல்லைக்குள் எந்தப் பொருள் எங்கே வந்திறங்குகிறது என்னும் பட்டியலை ஒவ்வோர் ஊராட்சியும் பேரூராட்சியும் வைத்திருத்தல்: குடிநீர் நிலையத்தின் குளோரின், ஐஸ் ஆலையின் அம்மோனியா, சாயப்பட்டறையின் அமிலம், பெட்ரோல் பங்க், எரிவாயுக் கிட்டங்கி. தூத்துக்குடி அருகே புதூர்பாண்டியாபுரத்தில் 2024 ஜூலையில் மீன் பதப்படுத்தும் ஆலையொன்றில் அம்மோனியா கசிந்து பெண் தொழிலாளர்கள் பலர் மூச்சுத்திணறலோடு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டதை நினைத்தால், இப்பட்டியல் ஆரம்ப சுகாதார நிலையத்து மருத்துவரிடமும் இருக்கவேண்டும் என்பது புலனாகும். எந்த வாயு என்று அறிந்த மருத்துவரே தக்க மருத்துவத்தை உடனே தொடங்க இயலும்.

இரண்டாவது, காற்றை அறிதல். ஆடி மாதத்து மேல்காற்று எத்திசையிலிருந்து எத்திசைக்கு அடிக்கும், ஐப்பசி கார்த்திகையில் வாடை எப்படித் திரும்பும், மலையடிவாரத்தில் இரவுக்காற்று எவ்வாறு இறங்கும் என்பதை இப்படுகையின் உழவர் பொலி தூற்றிப் பழகிய கையால் அறிந்திருக்கின்றனர். நீரேற்று நிலையத்தின் உச்சியில் ஒரு காற்றுப்பை கட்டிவைத்து, எத்திசைக் காற்றானால் எந்தத் தெரு எந்தப் பக்கம் விலகவேண்டும், எந்தப் பள்ளியில் கூடவேண்டும் என்பதை முன்கூட்டியே முடிவுசெய்தால் அவ்வறிவு உயிர்காக்கும் அறிவாகும்.

மூன்றாவது, அறிவிக்கும் முறை. கைப்பேசிச் செய்தியை மட்டும் நம்பாமல், கோயில், பள்ளிவாசல், தேவாலயம் ஆகியவற்றின் ஒலிபெருக்கிகளை வேதி விபத்து அறிவிப்புக்குப் பயன்படுத்த முன்னரே இசைவு பெற்றிருக்கவேண்டும். அறிவிப்பு சுருக்கமாகவும் தெளிவாகவும் இருத்தல் வேண்டும்: என்ன கசிந்தது, எத்திசைக்குப் போகவேண்டும், அடுப்பை அணைக்கவேண்டுமா, கதவை அடைக்கவேண்டுமா என்னும் நான்கு செய்திகளே போதும்.

நான்காவது, கவிழ்ந்த வண்டியிடம் கூட்டம் கூடாதிருத்தல். கொட்டும் பெட்ரோலைக் குடத்திலும் கேனிலும் பிடிக்கச் சென்று உயிரிழந்தவர் கதைகள் உலகின் பல பகுதிகளிலும் உள்ளன. உதவும் நல்லெண்ணத்தோடு ஓடிச்செல்பவரும் அதே அபாயத்துக்கு ஆளாகின்றனர். தொலைவில் நின்று பலகையைப் படிப்பதும், வருகிற வண்டிகளை நிறுத்துவதும், பீடியையும் எஞ்சினையும் அணைக்கச் சொல்வதுமே அந்நேரத்தில் செய்யத்தக்க பேருதவியாகும்.

9. நிறைவுரை

வேதிப்பொருள்கள் இன்றித் தாமிரபரணிப் படுகையின் வேளாண்மையும் நெசவும் குடிநீரும் இனி இயலா. ஆகவே அவற்றை வரவேண்டாம் எனச் சொல்வது தீர்வாகாது. அறிவின்றி வரவிடுவதும் அறமாகாது. புது ஈய வாஷர் ஒன்று, பூட்டிய குழாய்வாய் ஒன்று, தமிழில் எழுதிய குறிப்பட்டை ஒன்று, மனத்தில் பதிந்த நான்கிலக்க எண் ஒன்று, நேரத்தில் சென்ற மூன்றாவது தொலைபேசி அழைப்பு ஒன்று: இவையே பேரழிவுக்கும் சிறு நிகழ்ச்சிக்கும் இடையில் நிற்பவை, இவற்றுள் எதுவும் பெரும்பொருள் செலவிடவேண்டியதன்று.

மணிமுத்தாற்றின் நீரைக் கீழேயுள்ள கண்காணாத ஊர்கள் நம்பிக் குடிக்கின்றன. இப்படுகையின் ஒவ்வொரு பள்ளியும் அந்த ஆறு எண்களைத் தன் சுவரில் எழுதிவைக்கட்டும். ஒவ்வோர் ஊராட்சியும் வரும் கிராமசபைக் கூட்டத்தில் தன் எல்லைக்குள் வந்திறங்கும் அபாயப் பொருள்களின் பட்டியலைக் கேட்டுப் பெற்று அனைவரும் காணப் படிக்கட்டும்.